மேகமும் மீகாமனும்

கணினித் துறையிலிருந்து தமிழுக்கு வந்த புதுச் சொற்களுள் கொள்கலன் என்பதிற் குறை காண இயலாது. தஞ்சோங் பகாரில் 1972ஆம் ஆண்டு முதற் கொள்கலன் கப்பல் வந்தணைந்த நாள் தொட்டுச் சிங்கப்பூர்த் தமிழர் கண்ணாரக் கண்ட பொருள் அது. உள்ளிருக்கும் சரக்கு எதுவாயினும் பெட்டியின் அளவு ஒன்றே. ஆதலின் எக்கப்பலிலும் ஏறும். ஒரு மென்பொருளை அதற்கு வேண்டிய துணைப் பொருள்களோடு ஒரே கட்டாகக் கட்டி, எக்கணினியிலும் இயங்குமாறு அனுப்பும் முறை 2013இல் டாக்கர் வெளிவந்தபின் பரவியது. அதற்கு இதனினும் பொருந்திய உவமை கிடைத்தல் அரிது.

ஆர்கெஸ்ட்ரேஷன் என்பதை ஒருங்கிணைப்பு என்று பெயர்ப்பதோ சுவையற்றது. பள்ளி ஆண்டு விழாவுக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் வழங்கும் சொல் அன்றோ அது! பெட்டிகள் ஆயிரக்கணக்கிற் பெருகியவழி, எதனை எந்தக் கணினியில் ஏற்றுவது, ஒன்று பழுதுற்றால் அதன் நேர்படியை எங்கே எழுப்புவது என இடையறாது நோக்குவதே இங்குள்ள தொழில். கூகுள் நிறுவனம் 2014இல் வெளியிட்ட அத்தகைய கருவிக்குக் குபர்நெட்டீஸ் என்பது பெயர். கிரேக்க மொழியில் அச்சொல் சுக்கான் பிடிப்பவனைக் குறிக்கும். தமிழில் அவன் மீகாமன். அகநானூற்று 255ஆம் பாட்டில் அவனே நீகான். மாடத்து எரியும் ஒளியால் திசையறிந்து நாவாய் செலுத்துவான். கலம் என்பதோ பாண்டத்தையும் கப்பலையும் ஒருங்கே உணர்த்துவது. இத்துணையும் கையிலிருக்க, வாத்தியக் குழுவின் பின்னே செல்வானேன்? கலஞ்செலுத்தல் என்றாலே போதும்.

பெருமயக்கம் விளைப்பது மேகம். அச்சொல்லைக் கேட்ட மாணவன் வானத்தை அண்ணாந்து பார்க்கின்றான். சிங்கப்பூரிலோ அம்மேகம் தஞ்சோங் கிளிங்கிலும் லோயாங்கிலும் தரைமேல் கட்டடமாய் நிற்கின்றது. அதன் இயற்பெயர் தரவு நிலையம். (கலிப்பாவின் முதலுறுப்பும் தரவே; ஆசிரியர்க்கு நகையாட ஒரு வாய்ப்பு.) 2020இல் நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ 7 விழுக்காட்டை இந்நிலையங்களே உண்டன. 2019இல் புதியன எழுப்புதலை நிறுத்தி வைத்த அரசு, 2022இல்தான் நிபந்தனைகளோடு மீண்டும் இசைந்தது.

2023 அக்டோபர் 14, சனிக்கிழமை பிற்பகலில், தரவு நிலையம் ஒன்றின் குளிரூட்டும் அமைப்புப் பழுதுற்றது. இரு பெருவங்கிகளின் சேவை நின்றது. ஏறத்தாழ 25 இலட்சம் பணப் பரிமாற்றங்கள் நிறைவேறவில்லை. மாற்று நிலையங்கள் இருந்தும் இணைப்புக் கோளாறுகளால் முழுமையாக மாற இயலாது போயிற்று. மீகாமன் எத்துணை வல்லவனாயினும், பெட்டியை மாற்றியேற்ற மறுகலம் அணுக்கத்தில் வேண்டும். அதற்கு வழியும் திறந்திருக்க வேண்டும். தேக்காச் சந்தையில் காய்கறியைக் கூடையிலிட்டுக்கொண்டு கைப்பேசியை நீட்டுபவர்க்குப் பணம் ஏன் செல்லவில்லை என்பதை மேகம் என்னும் சொல் விளக்காது. குளிரூட்டியும் குழாயும் உள்ள ஒரு வீட்டின் பெயர் விளக்கும்.

வழக்கில் ஊன்றிவிட்ட சொல்லை இனிப் பெயர்த்தெறிதல் எளிதன்று. பாடஞ் சொல்லுங்கால் தரவு நிலையத்தை முன்னும் மேகத்தைப் பின்னும் வைக்கலாம். லோயாங் வழியே பேருந்திற் செல்லும் பிள்ளைக்கு அக்கட்டடத்தைச் சுட்டிக் காட்டவும் இயலும்.