வாசித்து முடிப்பதும் செவிகொடுப்பதும்

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் செயின்ட் பீட்டர்ஸ் சபையின் போதகராக இருந்தவர் ராபர்ட் மர்ரே மெக்செய்ன். 1842 டிசம்பரில் அவர் தம் சபையாருக்கு ஒரு வேத வாசிப்பு அட்டவணை எழுதிக் கொடுத்தார். நாளுக்கு நான்கு அதிகாரம்: குடும்ப ஜெபத்தில் இரண்டு, தனி ஜெபத்தில் இரண்டு. அப்படி வாசித்தால் ஓராண்டில் பழைய ஏற்பாடு ஒரு முறையும், புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இரண்டு முறையும் முடியும். ஜனவரி முதல் தேதிக்கு ஆதியாகமம், எஸ்றா, மத்தேயு, அப்போஸ்தலர் நடபடிகள் ஆகிய நான்கின் முதல் அதிகாரங்களை வைத்தார். அந்த முதல் ஆண்டு முடிவதைக் காண அவர் இல்லை. 1843 மார்ச் மாதம் காய்ச்சலில் இறந்தபோது அவருக்கு வயது 29. அட்டவணை இன்று கைபேசிச் செயலிகளில் உலகெங்கும் இருக்கிறது.

நம் சபைகளில் புத்தாண்டு ஆராதனை முடிந்து கையில் கிடைக்கும் வாசிப்பு அட்டைகளின் வரிசை வேறாக இருக்கலாம், நோக்கம் அதுதான். சீர்திருத்தச் சபைகளின் வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். வார நாளில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வாசித்தால் டிசம்பருக்குள் முடித்துவிடலாம். இந்தப் பழக்கம் வசனத்துக்கு இளகும் இருதயத்தை வளர்க்கிறதா? வளர்க்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் நாம் இன்று அதை நடத்துகிற விதத்தில் அந்தப் பலனில் பாதியை இழந்துவிட்டோம்.

இதன் பெரிய நன்மை, பிடித்ததை மட்டும் பொறுக்கி எடுக்க விடாமல் தடுப்பது. நல்ல எதிர்காலத்தை வாக்களிக்கும் எரேமியா 29ஆம் அதிகாரத்தின் 11ஆம் வசனத்தை அறியாத கிறிஸ்தவ வீடு குறைவு. வாக்குத்தத்த அட்டையிலும் நாட்காட்டியிலும் சுவரிலும் அது இருக்கும். அட்டையில் அதைப் பெறுகிறவர் பத்தாம் வசனத்தைப் பார்ப்பதில்லை. அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதப்பட்ட கடிதம். திரும்பி வர எழுபது ஆண்டுகள் ஆகும் என்று அதற்கு முந்தைய வசனம் சொல்கிறது. கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் எருசலேமை மறுபடி பார்த்திருக்க முடியாது. அந்த எழுபது ஆண்டுகளோடு சேர்த்து வாசிக்கும்போது நம்பிக்கை கனமாகிறது. இந்த ஆண்டே வேலை கிடைக்கும் என்பதற்கான உறுதிச்சீட்டாக அதைப் பிடித்துக்கொள்ள முடியாது. இருளிலேயே முடிகிற 88ஆம் சங்கீதமும் வரிசையில் வாசிப்பவருக்குத் தப்பாமல் வந்து சேரும். துக்க வீட்டில் இருப்பவருக்கு அது எவ்வளவு தேவை என்பதை அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் அறிவார்கள்.

குறைகளைப் பேச வெளியிலிருந்து ஆள் வேண்டியதில்லை. மெக்செய்னே அட்டவணையோடு சேர்த்து நான்கு ஆபத்துகளை எழுதிவைத்தார்: உயிரற்ற சடங்காகிவிடுவது, வாசித்ததாலேயே தன்னை நீதிமானாக எண்ணிக்கொள்வது, கவனமில்லாமல் ஓட்டுவது, சுமக்கமுடியாத நுகமாகிவிடுவது. நான்கும் நம்மிடம் இருக்கின்றன. ஆதியாகமத்திலிருந்து நாளுக்கு மூன்று மூன்றாகப் போகிறவர் ஜனவரி கடைசியில் லேவியராகமத்துக்கு வந்து பலிகளின் சட்டங்களில் தடுமாறுகிறார். இரண்டு நாள் தவறுகிறது; விட்டதைப் பிடிக்க ஒரே இரவில் பத்து அதிகாரம் ஓடுகிறார்; பிறகு குற்ற உணர்வோடு நிறுத்திவிடுகிறார். நிறுத்தாமல் முடித்தவரின் பெயரை ஆண்டு முடிவில் வாசித்துப் பரிசு கொடுக்கும் இடங்களில் இரண்டாவது ஆபத்துக்கு சபையே வழி செய்கிறது. பிள்ளைகளை ஊக்கப்படுத்தப் பரிசு கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. பெரியவர்களுக்கு அது கேடு.

முடிப்பதையும் கேட்பதையும் பிரித்துக் காட்டும் இரண்டு காட்சிகள் வேதத்திலேயே உண்டு. யோசியா ராஜாவின் 18ஆம் ஆண்டில் ஆலயத்தில் கண்டெடுத்த நியாயப்பிரமாண நூலைச் சம்பிரதியான சாப்பான் வாசித்தான்; ராஜா தன் வஸ்திரங்களைக் கிழித்துக்கொண்டான். ஏறத்தாழ 18 ஆண்டுகளுக்குப் பிறகு, அவன் மகன் யோயாக்கீம் குளிர்கால வீட்டில் கணப்பு முன் உட்கார்ந்திருக்க, எரேமியாவின் சுருளை யெகுதி வாசித்தான். மூன்று நான்கு பத்திகள் ஆனதும் ராஜா அவற்றைச் சூரிக்கத்தியால் அறுத்து நெருப்பில் போட்டான். சுருள் முழுவதும் எரிந்து தீரும்வரை இது நடந்தது. வஸ்திரங்களை யாரும் கிழிக்கவில்லை என்றும் அந்தக் காட்சியைச் சொல்லும் அதிகாரம் குறித்துவைக்கிறது. தகப்பன் கிழித்தது எது, மகன் அறுத்தது எது என்று நாம் ஒப்பிட வேண்டும் என்பதற்காகவே அது எழுதப்பட்டது போலத் தோன்றுகிறது. யோயாக்கீம் வாசிப்பைப் பாதியில் நிறுத்தச் சொன்னதாக அங்கே இல்லை. பத்தி பத்தியாகக் கடைசிவரை போனான்.

யோசியாவின் இருதயம் இளகியது என்று சாட்சி சொன்னவள் உல்தாள் என்ற தீர்க்கதரிசினி. அவளிடம் ஆளனுப்பி விசாரிக்கச் சொன்னவன் யோசியாதான். தான் கேட்டதற்குப் பொருள் தனக்கே முழுவதும் தெரியும் என்று அவன் எண்ணவில்லை. பிறகு ஜனங்கள் எல்லாரையும் கூட்டி நூலை அவர்கள் காதில் விழ வாசித்தான். யோயாக்கீமைச் சுற்றியும் ஆட்கள் இருந்தார்கள். எரிக்க வேண்டாம் என்று மூவர் கெஞ்சினார்கள், அவர்களில் ஒருவன் சாப்பானின் மகன் கெமரியா. ராஜா கேட்கவில்லை. இளகிய இருதயத்தின் அடையாளமாக நான் இங்கே காண்பது கண்ணீரைவிட இதைத்தான்: வாசித்ததைப் பற்றி இன்னொருவர் பேச இடங்கொடுப்பது.

வேகம்தான் பிரச்சினை என்று சொல்பவர்கள் கத்தோலிக்கத் துறவிகளின் முறையைக் காட்டுவார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கார்த்தூசியத் துறவி இரண்டாம் கைகோ வாசிப்பு, தியானம், ஜெபம், ஆழ்நிலைத் தியானம் என்று நான்கு படிகளாக அதை எழுதினார். சிறு பகுதி, நீண்ட நேரம். நல்ல முறைதான், அட்டவணையின் அவசரத்துக்கு மருந்தும்கூட. ஆனால் மணியடித்தால் கூடி ஜெபிக்கும் மடத்தில் பிறந்த முறை அது. அதை மட்டும் தனியே எடுத்து அறைக்குள் செய்தால், என் மனம் சொல்வதையே கர்த்தர் சொன்னதாக நான் எடுத்துக்கொள்ளும் ஆபத்து மெதுவாக வாசிப்பதால் குறைந்துவிடாது.

மெக்செய்ன் எழுதிய நன்மைகளின் பட்டியலை இந்த இடத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். பெற்றோர் பிள்ளைகளிடம் கேள்வி கேட்க அன்றன்றைக்கு ஒரு பகுதி இருக்கும். மந்தை எந்த மேய்ச்சல் நிலத்தில் இருக்கிறது என்று மேய்ப்பருக்குத் தெரியும். ஒரே பகுதியை வாசிப்பதால் சபையாருக்குள் அன்பு கட்டப்படும் என்றெல்லாம் அவர் எண்ணினார். ஒரு ஊர் சேர்ந்து வாசிப்பதற்காகவே தேதி போட்டார். நாம் தேதியை வைத்துக்கொண்டு ஊரை விட்டுவிட்டோம். அட்டை ஜனவரியில் கொடுக்கப்படுகிறது. அதன்பின் பிரசங்க மேடையில் அதைப் பற்றி ஒரு சொல் வருவதில்லை. வளைகுடாவில் ஆறு பேர் தங்கும் அறையில் விடியுமுன் எழுந்து வாசிப்பவருக்கும், படுக்கையில் கிடந்து ஒலிப்பதிவில் கேட்கும் பாட்டிக்கும், இதே அதிகாரத்தை வீட்டிலும் இன்று வாசிக்கிறார்கள் என்பதுதான் தேதியின் பயன். அதைப் பற்றி வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போனால் அந்த ஆண்டில் பாதி அட்டவணை விட்டுப்போனாலும் நஷ்டமில்லை.

சபையாகத் தொடங்குவதென்றால், அதிகம் பேர் நின்றுபோகிற லேவியராகமத்திலேயே தொடங்கலாம். பிறனைத் தன்னைப்போல நேசிக்கச் சொல்லும் கட்டளையை இயேசு எடுத்தது அந்தப் புத்தகத்தின் 19ஆம் அதிகாரத்திலிருந்து. கூலியாளின் கூலியை விடியும்வரை வைத்திருக்கக்கூடாது என்பதும் அதே அதிகாரத்தில், சில வசனங்கள் முன்னால் இருக்கிறது. வீட்டு ஜெபக்கூட்டத்தில் அதை உரக்க வாசிக்கும்போது கடை முதலாளியும் அவர் கடையில் வேலைசெய்யும் பையனும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தால், கட்டத்தில் குறி போட்டுவிட்டு அடுத்த அதிகாரத்துக்குப் போவது இருவருக்குமே சுலபமாக இருக்காது.