பாஸ்கு மேடையில் தெரியாத பலகை

நாவாந்துறைப் பக்கம் பாஸ்கு நடந்தால் சோனகத்தெருவிலிருந்தும் ஆட்கள் போவார்கள். என்னை முதலில் கூட்டிப்போனவர் வாப்பா. "கூத்துத்தானே மகன், பாத்திட்டு வருவம்" எண்டார். அதற்குப் பிறகு நீண்ட இடைவெளி. அண்மையில்தான் மறுபடி ஒன்றைப் பார்த்தேன்.

ஈஸா நபி (அலை) கொல்லப்படவுமில்லை, சிலுவையில் அறையப்படவுமில்லை என்பது நமது ஈமான். பிறகு உமக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். சிலுவைத் தண்டனை உலகில் இருந்ததைக் குர்ஆன் மறுக்கவில்லை. ஈமான் கொண்ட சூனியக்காரரைப் பேரீச்ச மரங்களில் அறைவேன் என்று பிர்அவ்ன் மிரட்டுவது தாஹா அத்தியாயத்திலேயே வருகிறது. அந்தத் தண்டனையை மேடை எப்படிக் காட்டுகிறது என்பதே என் பேச்சு.

நடிப்பில் குறையில்லை. 1965இல் மரியசேவியர் அடிகள் தொடக்கிய திருமறைக் கலாமன்றம் பாஸ்குவை நவீன மேடைக்குப் பழக்கிவிட்டது. முழுச் சிலுவையைச் சுமக்க வைத்ததையும் நான் பெரிதாக எடுக்கவில்லை. ரோமர் காலத்தில் குற்றவாளி வழக்கமாகச் சுமந்தது குறுக்குமரத்தை மட்டுந்தான்.

என் மனத்தாங்கல் பிலாத்துவைப் பற்றியது. கை கழுவும்போது சபையே அவனுக்கு இரங்குகிறது. யூதக் கூட்டமோ கத்திக்கொண்டே நிற்கிறது. சிலுவை ரோமரின் தண்டனை. அடிமைக்கும் கிளர்ச்சிக்காரனுக்கும் உரியது. கி.மு. 71இல் ஸ்பார்ட்டகஸின் கிளர்ச்சி முறிந்தபோது கப்புவாவிலிருந்து ரோம் வரை வீதியோரம் 6000 பேரைத் தொங்கவிட்டார்கள். பிலாத்துவும் இரக்கக்காரன் அல்ல; சமாரியரைக் கொன்ற முறைப்பாட்டின் மேல் ரோமுக்குத் திருப்பி அழைக்கப்பட்டவன். மேடையில் இதெல்லாம் மறைந்து, பழி முழுவதும் ஒரு சமூகத்தின் தலையில் விழுகிறது. யாழ்ப்பாணத்துச் சோனகனால் இதை இலேசாகப் பார்க்க முடியாது. 1990 ஒக்டோபர் 30இல் எங்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். கை கழுவக்கூட ஒருவரும் வரவில்லை.

அடுத்தது, தலைக்கு மேலுள்ள பலகை. மூன்று மொழிகளில் குற்றம் எழுதியிருந்ததாக யோவான் சொல்கிறார். இங்கே ஒரு சிறு அட்டை, எழுத்தே தெரியவில்லை. ரோமருக்கு உடலைப் போலவே அந்த எழுத்தும் முக்கியம். வழியால் போகிறவன் வாசித்துப் பயப்பட வேண்டும். எண்பதுகளில் இதே ஊரில் மின்கம்பத்தில் கட்டிச் சுட்டவர்களின் கழுத்தில் மட்டை தொங்கியது. பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒருநாள் வாப்பா என் தலையை மற்றப் பக்கம் திருப்பினார். அதற்குள் நான் வாசித்துவிட்டேன்.

இரண்டு கள்வரையும் இருட்டில் விட்டதும் சரியில்லை. சுவிசேஷம் அவர்களுக்கு வைத்த கிரேக்கச் சொல்லை யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு கிளர்ச்சிக்காரருக்கும் வைக்கிறார். ஆர் அவர்கள், என்ன செய்தார்கள் எண்டு ஒரு வசனமாவது எழுதலாம். நாடகம் முடிந்து எல்லோரும் கைதட்டும்போது இடப்பக்கப் பொடியன் இன்னும் கட்டிலேயே நின்றான். "டேய், ஆராவது கயித்தை அவிழுங்கோவன்" எண்டு கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.