கார்கில் அறிக்கை: கடிதம் யாருக்குப் போகவில்லை?

கே. சுப்ரமணியம் குழுவின் கார்கில் அறிக்கையை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள், முழுசாகப் படித்தவர்கள் குறைவு. 2025 மே மாதச் சண்டையில் போர் விமானங்களை இழந்ததை முப்படைத் தலைமைத் தளபதி அனில் சௌகான் சிங்கப்பூரில் ஒப்புக்கொண்டார். உடனே, கார்கில் மாதிரி ஒரு ஆய்வுக் குழு போடுங்கள் என்று காங்கிரஸ் கேட்டது. சரி, அந்தக் கார்கில் குழு உண்மையில் என்னதான் செய்தது? நெய்வேலி புத்தகக் கண்காட்சியில் எப்போதோ வாங்கிப் போட்டிருந்த பிரதியை எடுத்து மறுபடி படித்தேன். சேஜ் பதிப்பகம் போட்டது, 'ஃப்ரம் சர்ப்ரைஸ் டு ரெக்கனிங்' என்று தலைப்பு.

சுப்ரமணியம் (1929–2011) திருச்சியில் பிறந்தவர், தமிழ்நாடு கேடர் ஐ.ஏ.எஸ். டெல்லியின் ஐ.டி.எஸ்.ஏ. ஆய்வு நிறுவனத்துக்கு ரெண்டு தடவை இயக்குநர். வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரின் அப்பா என்று சொன்னால்தான் இன்றைக்குப் பலருக்குத் தெரிகிறது. 1999 ஜூலை 29-ல் குழு அமைத்தார்கள், அறிக்கையின் தேதி டிசம்பர் 15. ஐந்து மாசம்கூட ஆகவில்லை. அடுத்த பிப்ரவரியிலேயே பாராளுமன்றத்தில் வைத்துவிட்டார்கள். நம்ம ஊர் விசாரணைக் கமிஷன்களின் வேகம் தெரிந்தவர்களுக்கு இதுவே அதிசயம்.

அறிக்கையில் என்னை நிறுத்திய இடம் ஒரு கடிதத்தைப் பற்றியது. எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்த சில நடமாட்டங்கள் பற்றி உளவுத்துறையான ஐ.பி.யின் இயக்குநர் 1998 ஜூன் 2 அன்று தானே கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் அனுப்புகிறார். பிரதமருக்குப் போகிறது. உள்துறை அமைச்சர், கேபினட் செயலர், உள்துறைச் செயலர், ராணுவ நடவடிக்கைகளின் தலைமை இயக்குநர் எல்லாருக்கும் போகிறது. யாருக்குப் போகவில்லை? வெளிநாட்டு உளவு பார்க்கும் 'ரா'வின் செயலருக்கு. எல்லா உளவுத் தகவலையும் சேர்த்து எடைபோட வேண்டிய கூட்டு உளவுக் குழுவின் தலைவருக்கு. ராணுவ உளவுப் பிரிவின் தலைமை இயக்குநருக்கு. அதாவது, துப்பை எடுத்துத் துருவ வேண்டிய மூன்று பேருக்கும் வரவில்லை. சர்வர் படுக்கப் போகிறது என்ற அலர்ட், கம்பெனி சி.இ.ஓ.வுக்குப் போய், ராத்திரி டியூட்டியில் இருக்கும் இன்ஜினியருக்குப் போகாத கதை. பதினோரு மாசம் கழித்து, 1999 மே 3-ல், ஆடு மேய்ப்பவர்கள் வந்து சொல்லித்தான் ஊடுருவல் தெரிந்தது. கடைசியில் 527 வீரர்கள் இறந்தார்கள்.

இதைக் கண்டுபிடித்து, வெளியிலும் சொன்னதற்காகவே குழுவைப் பாராட்டலாம். இன்னொன்றும் சொன்னார்கள்: 1947-ல் இஸ்மே பிரபு வரைந்து மவுண்ட்பேட்டன் பரிந்துரைத்த பாதுகாப்புக் கட்டமைப்பு 52 வருஷமாகப் பெரிய மாற்றம் இல்லாமல் அப்படியே ஓடுகிறது. எழுதினவர் எப்போதோ போய்விட்டார், யாருக்கும் தொட பயம். எங்கள் தொழிலில் இதற்கு லெகசி கோட் என்று பேர்.

ஆனால் அறிக்கை நிற்கும் இடத்தில்தான் எனக்குச் சண்டை. அந்தக் கடிதத்தின் முகவரிப் பட்டியல் ஏன் அப்படி அமைந்தது? ஒருங்கிணைக்க முறையான ஏற்பாடு இல்லை என்கிறது அறிக்கை. சரி, ஏன் இல்லை? யார் அதை அமைத்திருக்க வேண்டும்? வெளியான பிரதியில் இதற்குப் பதில் கிடைக்கவில்லை (உளவு பற்றிய பகுதிகளில் நிறைய வரிகள் பாதுகாப்புக் காரணம் சொல்லி நீக்கப்பட்டவை). குழுவுக்குக் கொடுத்த வேலையே ரெண்டுதான்: ஊடுருவல் வரைக்குமான நிகழ்வுகளை ஆராய்வது, இனி நடக்காமலிருக்கப் பரிந்துரைப்பது. போர் நடத்திய விதம் அதில் இல்லை. குழுவின் உறுப்பினர்-செயலர் சதீஷ் சந்திரா, தேசியப் பாதுகாப்புக் கவுன்சில் செயலகத்தின் செயலராகப் பதவியில் இருந்தவர். ஆராயப்படும் அமைப்புக்கு உள்ளேயே உட்கார்ந்திருப்பவர். அவர் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் கோட் எழுதின டீமே ரிவ்யூ பண்ணினால் நாங்கள் ஒத்துக்கொள்வதில்லையே.

தலைகளை உருட்டியிருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. 1973 போருக்குப் பிறகு இஸ்ரேலின் அக்ரனாத் கமிஷன் அதைத்தான் செய்தது. தலைமைத் தளபதி எலாசர் போனார், பிரதமர் கோல்டா மேயர்மீது கமிஷன் குற்றம் சொல்லவில்லை, ஜனங்கள் விடவில்லை, அவரும் ராஜினாமா செய்தார். அதனால் அமைப்பு திருந்தியதா என்பது தனி விவாதம். நான் கேட்பது சின்ன விஷயம். ஒவ்வொரு பரிந்துரைக்கும் ஒரு பொறுப்பாளரும் ஒரு கெடுவும் வேண்டும். கார்கில் அறிக்கையை வைத்து அமைச்சர்கள் குழு 2001-ல் முப்படைத் தலைமைத் தளபதி பதவியைப் பரிந்துரைத்தது. முதல் ஆளாக பிபின் ராவத் பொறுப்பேற்றது 2020 ஜனவரி 1. பத்தொன்பது வருஷ டிக்கெட்.

அந்த இடைவெளியில் ஆசியா மாறிவிட்டது. அறிக்கையின் கண் முழுக்கப் பாகிஸ்தான்மேல். 1999-க்கு அது நியாயம். ஆனால் ராவத் பதவிக்கு வந்து ஆறு மாசம் முடிவதற்குள் கல்வானில் சீனாவோடு மோதி 20 வீரர்களை இழந்தோம். 2025 ஜூலையில் ராணுவத் துணைத் தளபதி ராகுல் சிங், மே மாதச் சண்டையின்போது சீனா பாகிஸ்தானுக்கு உடனுக்குடன் தகவல் கொடுத்தது என்று மேடையிலேயே சொன்னார். ரெண்டு எல்லை, ரெண்டு எதிரி என்று தனித்தனியாகப் பிரித்து வைத்த ஃபோல்டர்கள் ஒன்றாகிவிட்டன.

நெய்வேலிப் பக்கம் இருக்கிறவர்களுக்கு இது எளிதாகப் புரியும். 2020 மே 7-ல் இரண்டாவது அனல்மின் நிலையத்தில் பாய்லர் விபத்து. ஜூலை 1-ல் அதே நிலையத்தில் இன்னொன்று. ரெண்டாவது நடந்த அன்றைக்கு யாரும் கேட்கும் முதல் கேள்வி, முதல் விபத்துக்கு அப்புறம் என்ன எழுதினார்கள், யார் படித்தார்கள் என்பதுதான்.

சீன எல்லையைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்கு நமக்குப் பதில் கிடைத்ததே இல்லை. 1962 தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கை 1963-ல் முடிந்தது, அரசு இன்னும் வெளியிடவில்லை. 2010-லும் அது இன்றைய ராணுவப் பயன் உள்ளது என்று பாராளுமன்றத்தில் மறுத்தார் அந்தோணி. கல்வானுக்கோ வெளியான ஆய்வறிக்கையே கிடையாது. அன்று இரவு என்ன நடந்தது என்பது பற்றி அரசு தந்த விவரங்களைத் தேடினால், 2021 குடியரசு தின வீரப் பதக்கங்களின் குறிப்புகள் கிடைக்கும். அதில் ஒன்று ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூர் ஹவில்தார் பழனியுடையது. சில வரிகள்தான்.