பெயர் விகற்பமும் பொருட்பாகுபாடும்

மனம் பொருள்களை இனம் இனமாகப் பகுத்துணர்தல் அவரவர் தாய்மொழியின் செயலே என்பாருளர். அமெரிக்க நாட்டு மொழியாராய்ச்சியாளராகிய பெஞ்சமின் லீ வோர்ஃப் (1897–1941) என்பார், உலகினை நாம் கூறுபடுத்துவது நம் மொழி இட்ட வரையின்படியே என 1940-இல் எழுதினார். இதனை அப்படியே கொள்ளின், பதி பசு பாசம் என்னும் முப்பொருட் பாகுபாடும் வெறுஞ் சொற்பாகுபாடாய் ஒழியும். ஆதலின் இஃது ஆராயற்பாலது.

அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியார் அளவையியலிற் காட்சியை நிருவிகற்பம், சவிகற்பம் என வகுத்தனர். பொருளின் உண்மை மாத்திரையே தோன்றுவது முன்னையது. பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் என்னும் ஐந்தானும் விகற்பித்துணர்வது பின்னையது. பெயர் முன்னெண்ணப்பட்டமையின் ஏனை நான்கும் அதன் வழிப்பட்டன எனின், அன்று. ஐந்தும் ஒருங்கு எண்ணப்பட்டனவன்றிக் காரண காரியமாய் வைக்கப்பட்டனவல்ல. பெயரே யாவற்றிற்கும் முதலாயின், சொல்லறியாக் குழவி தாயை அயலாரினின்றும் பிரித்தறிந்து அழுகை யடங்குமாறு எங்ஙனம்?

இன்னுந் தெளிவான சான்று பாரூர், கிருட்டினகிரி, ஓசூர் என்னும் எல்லைப்புறத்து வழக்கின்கண் உளது. ஆண்டுத் தமிழும் தெலுங்கும் கன்னடமும் விரவி வழங்கும். சந்தையிலும் தொழிற்சாலை வாயிலிலும் ஒருவரே இரண்டு மூன்று மொழி மாற்றிப் பேசுவர். தெலுங்கில் ஒருமைக்கண், ஒருத்தி வரினும் 'வச்சிந்தி'. ஆவொன்று வரினும் 'வச்சிந்தி'. ஆண்மகன் வரின் 'வச்சாடு'. பன்மைக்கண்ணோ மகளிர் ஆடவரோடு ஒத்து 'வச்சாரு' என்னும் முடிபு பெறுவர். ஆக்கள் 'வச்சாயி' எனப் பிரிந்துபோம். மொழியே கருத்தை வகுக்குமாயின், தனியே வந்தபொழுது ஆவினத்தளாயவள் துணையொருத்தி கூடிய அளவிலே மக்களினத்தளாதல் வேண்டும். தெலுங்கர் எவரும் தம் தாயையும் தொழுவத்து ஆவையும் ஓரினமாக மயங்கினாரென்று கேட்டதில்லை.

தமிழர் இதுகொண்டு தருக்குதற்கும் இடமில்லை. மக்களெனச் சுட்டப்படும் பொருளே உயர்திணை எனத் தொல்காப்பியனார் கிளவியாக்கத் தொடக்கத்து வரையறுத்திருந்தும், 'குழந்தை அழுதது' என்றே ஈன்ற தாயுங் கூறுகின்றாள். அஃறிணை முடிபு சொல்லின்மேல் நின்றது. அவள் உணர்வு அதனாற் பிறழ்ந்திலது.

வோர்ஃப் கூற்றிற் கொள்ளற்பாலதுஞ் சிறிதுண்டு. சொல் நோக்கத்தை ஒன்றன்மேல் விரைந்து செலுத்தும். அறிந்தது நினைவில் நிலைபெறுதற்குந் துணையாம். அத்துணைமையைக் கண்டு அதனையே முதற்காரணமாகக் கொண்டது அவர் கொள்கையின் குற்றம். மனம் பற்றி ஐயுற்றதனைப் புத்தி 'இஃது இன்னது' என நிச்சயிக்கும். அங்ஙனம் நிச்சயித்த பின்னரே ஓசூர்ச் சந்தையில் நிற்பான் ஒருவன், எதிர்நிற்பார் முகம் நோக்கி, மலையென்பதோ கொண்டவென்பதோ பெட்டவென்பதோ எனச் சொல்லைத் தெரிந்தெடுக்கின்றான்.