விளம்பரக்காரர்களின் வருத்தங்களை எவ்வளவு நம்பலாம்?

டேவிட் ஓகில்வி 1962 கோடை விடுமுறையில் எழுதி அடுத்த ஆண்டு வெளியிட்ட 'ஒரு விளம்பரக்காரரின் ஒப்புதல்கள்', படைப்பு இயக்குநர்கள் தங்கள் தொழில் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து எழுதும் நூல்களுக்கெல்லாம் முன்மாதிரியாக இருந்துவருகிறது. அதை எழுதியதற்கான காரணங்களைப் பிந்தைய பதிப்பொன்றில் அவரே ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: ஏஜென்சிக்குப் புதிய வாடிக்கையாளர்களைப் பிடிப்பது, நிறுவனத்தின் பங்குகளை வெளியிடுவதற்கு முன் சந்தையைத் தயார்செய்வது, வணிக உலகில் தன் பெயரைப் பரப்புவது. மூன்றும் பலித்தன என்றும் சேர்த்துக்கொண்டார். ஆக, ஒப்புதல் என்ற பெயரில் வந்த நூலே ஒரு விளம்பரம். இதனால் அந்நூல் பொய்யாகிவிடாது; ஆனால் அதை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு ஒரு வழி கிடைக்கிறது. இத்தகைய நூல்களில் பொதுவாக மூன்று சரக்குகள் இருக்கும்: யாரிடம் என்ன கற்றேன், என்னென்ன சாதித்தேன், எதற்காக வருந்துகிறேன். முதலாவதைப் பெரும்பாலும் நம்பலாம், இரண்டாவதைப் பாதி நம்பலாம், மூன்றாவதை மிகுந்த எச்சரிக்கையோடுதான் நம்பலாம் என்பது என் வாதம்.

கற்றதைச் சொல்லும் இடத்தில் இந்த நூல்களின் பலம் முழுமையாக வெளிப்படுகிறது. ஓகில்வி பாரிசின் மெஜஸ்டிக் ஓட்டல் சமையலறையில் வேலை பார்த்தவர். ஸ்காட்லாந்தில் வீடு வீடாக ஏறி இறங்கி ஆகா அடுப்பு விற்றவர். பிறகு அமெரிக்காவில் ஜார்ஜ் கேலப்பின் கருத்துக்கணிப்பு நிறுவனத்தில் பணியாற்றியவர். 1948இல் நியூயார்க்கில் ஏஜென்சி தொடங்கியபோது இந்த மூன்று அனுபவங்களும் அவர் கைவசம் இருந்தன. அவை வேலையில் எப்படிச் செயல்பட்டன என்பதற்கு 1951இல் வந்த ஹாத்தவே சட்டை விளம்பரம் நல்ல சான்று. படத்தில் ஒரு கதை ஒளிந்திருந்தால் பார்ப்பவர் நின்று படிப்பார் என்று ஹெரால்ட் ருடால்ஃப் என்பவரின் ஆய்விலிருந்து ஓகில்வி தெரிந்துகொண்டிருந்தார். படப்பிடிப்புக்குப் போகும் வழியில் ஒரு மருந்துக்கடையில் மலிவான கறுப்புக் கண்மூடி ஒன்றை வாங்கிச் சென்று மாடலின் ஒரு கண்ணை மறைத்தார். இந்த மனிதருக்கு என்ன நேர்ந்தது என்ற கேள்வி எழுந்தது. கேட்டவர்கள் சட்டையைப் பற்றியும் படித்தார்கள். மேதைமை என்று ஊர் சொன்ன ஒன்றை அவரே ஒரு ஆய்வின் விளைவாக விளக்கும்போது, அத்தொழிலுக்குப் புதிதாக வருபவருக்கு உண்மையிலேயே ஒரு பாடம் கிடைக்கிறது. தாக்கங்களைப் பற்றிய பகுதியை நம்பலாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விளம்பர முன்னோடி கிளாட் ஹாப்கின்ஸின் நூல் 1923இல் அச்சானது; அதை எடுத்து வைத்து, ஓகில்வி அதிலிருந்து எதை எடுத்துக்கொண்டார் என்று எவரும் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

சாதனைப் பட்டியலுக்கு வந்ததும் நிலம் வழுக்குகிறது. ஓகில்வியின் ஆகப் புகழ்பெற்ற தலைப்பு 1958இல் ரோல்ஸ்-ராய்ஸுக்கு எழுதியது: 60 மைல் வேகத்தில் போகும்போதும் காருக்குள் உரக்கக் கேட்பது மின்கடிகாரத்தின் ஓசைதான் என்பது அதன் சாரம். ஒரு மோட்டார் பத்திரிகையின் மதிப்புரையிலிருந்து அது கிடைத்தது என்பதை அவர் மறைக்கவில்லை. ஆனால் 1933இலேயே பியர்ஸ்-ஏரோ காரின் விளம்பரம் ஒன்று, உள்ளே கேட்கும் ஒரே சத்தம் கடிகாரத்தின் டிக்டிக்தான் என்ற பொருளில் வந்திருந்தது. இதைவிடக் கடுமையான வழக்கு ஆர்ட் டைரக்டர் ஜார்ஜ் லோயிஸுடையது. 1960இல் அவரோடு சேர்ந்து ஏஜென்சி தொடங்கிய ஜூலியன் கோனிக், தானும் பிறரும் செய்த வேலைகளுக்கு லோயிஸ் உரிமை கொண்டாடுகிறார் என்று முதுமையில் பகிரங்கமாகவே குற்றம்சாட்டினார். 2009இல் கோனிக்கின் மகள் சாரா அதை அமெரிக்க வானொலியில் ஒரு நிகழ்ச்சியாகவே செய்தார். லோயிஸ் தன் தரப்பை விட்டுக்கொடுக்கவில்லை. யார் சொன்னது சரி என்பதைவிட, இந்தச் சண்டை ஏன் வருகிறது என்பதே கவனிக்க வேண்டியது. கவிதைக்குக் கவிஞர் பெயர் உண்டு, சினிமாவுக்கு டைட்டில் கார்டு உண்டு, விளம்பரத்துக்குக் கையெழுத்தே கிடையாது. வாசகம் எழுதுபவர், ஆர்ட் டைரக்டர், புகைப்படக்காரர், துணிந்து சம்மதித்த வாடிக்கையாளர் எல்லோரும் சேர்ந்து செய்த வேலை பிராண்டின் பெயரில் மட்டுமே வெளியாகிறது. அதனால் கடைசியாகப் புத்தகம் எழுதுபவர் பெயருக்கே பட்டா மாறிவிடுகிறது.

வருத்தங்களின் கதை இதைவிடச் சிக்கலானது. ஓகில்வி தன் நூலில் ஓர் இடத்தில், பொருளின் குறைகளைச் சொல்லாமல் மறைக்கும் குற்றத்தைத் தான் ஓயாமல் செய்துவருவதாக எழுதுகிறார். கனமான ஒப்புதல்தான். ஆனால் அடுத்த மூச்சிலேயே, விற்பவரிடம் தன் சரக்கின் குறையைச் சொல்லச் சொல்வது அதிகப்படி என்று தானே தன்னை மன்னித்துவிடுகிறார். சாலையோர விளம்பரப் பலகைகள் மீதான அவரது வெறுப்பும் இப்படித்தான். ஓய்வுபெற்ற பிறகு முகமூடி அணிந்து இரவில் மோட்டார் சைக்கிளில் போய் அவற்றை வெட்டிச் சாய்க்கப்போவதாக எழுதினார். படிக்கச் சுவையாக இருக்கிறது. ஆனால் ஓய்வுக்குப் பிந்தைய நாளுக்குத் தள்ளிவைத்த கோபம் இன்றைய வருமானத்தில் ஒரு டாலரைக்கூடக் குறைக்காது. மறுபுறம், உண்மையில் வருந்தியிருக்க வேண்டியதை நூல் முன்கூட்டிப் பார்க்கவில்லை. அது தயார்செய்த சந்தையில் 1966இல் பங்குகள் விற்பனைக்கு வந்தன. பங்குகள் சந்தையில் இருந்ததால்தான் 1989இல் மார்ட்டின் சாரலின் டபிள்யூபிபி நிறுவனம், நிர்வாகம் முதலில் எதிர்த்தும், ஓகில்வியின் ஏஜென்சியை 86.4 கோடி டாலருக்கு வாங்க முடிந்தது. சாரலைக் கடுமையாக ஏசிய ஓகில்வி, பிறகு அதே டபிள்யூபிபியின் தலைவர் பதவியை ஏற்றார்.

விலை கொடுத்த வருத்தம் எப்படி இருக்கும் என்பதற்கு எமர்சன் ஃபுட் உதாரணம். 1940களில் லக்கி ஸ்டிரைக் சிகரெட்டுக்கு விளம்பரம் செய்து பெயர் பெற்றவர் அவர். 1964 ஜனவரியில் புகைப்பழக்கம் பற்றிய அமெரிக்கத் தலைமை மருத்துவரின் அறிக்கை வெளிவந்தது. அதே ஆண்டு, சிகரெட் விளம்பரங்களில் பங்கேற்க விரும்பாமல் மெக்கேன்-எரிக்சன் ஏஜென்சியின் தலைவர் பதவியை அவர் துறந்தார். பிறகு புகைப்பழக்கத்துக்கு எதிரான தேசிய அமைப்பொன்றுக்குத் தலைமை ஏற்றார். அவருக்கும் தாமதமாகத்தான் விழிப்பு வந்தது, அதற்குள் சம்பாதிக்க வேண்டியதைச் சம்பாதித்துவிட்டார் என்று சொல்லலாம். ஆயினும் எந்தப் பொருள், எந்த வேலை, எதை இழந்தார் என்ற மூன்று கேள்விகளுக்கும் அவர் வருத்தத்தில் பதில் இருக்கிறது.

எல்லாச் சுயசரிதையும் தற்புகழ்ச்சிதானே, விளம்பரக்காரரை மட்டும் ஏன் கூண்டில் ஏற்ற வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஓர் அரசியல்வாதியின் சுயசரிதையைச் சரிபார்க்கச் சட்டமன்றக் குறிப்புகளும் எதிர்க்கட்சிக்காரர்களின் நூல்களும் உண்டு. ஏஜென்சியின் மூடிய அறையில் நடந்ததற்கு அப்படிப்பட்ட பொதுப்பதிவு அரிது. மேலும், இவை தொழிலுக்கு வருபவர்களின் பாடநூல்கள். எப்படி எழுதுவது என்பதோடு, எதற்கு வருந்தலாம், எதைச் சிரித்துக் கடந்துவிடலாம் என்பதையும் அவர்கள் இவற்றிலிருந்தே பழகுகிறார்கள். வாடிக்கையாளரின் ரகசியத்தைக் காப்பது தொழில்தர்மம் என்பது இன்னொரு ஆட்சேபம். அது வணிகத் தகவலுக்குப் பொருந்தும். ஊரறிய வெளியான ஒரு விளம்பரத்தை இன்று செய்யமாட்டேன், இன்ன காரணத்தால் என்று சொல்வதில் எந்த ரகசியமும் வெளியாகாது. கூட உழைத்தவர்களின் பெயரைச் சொல்வதிலும் அப்படியே.

ஆகவே இந்த நூல்களைப் படிக்க வேண்டாம் என்பது என் முடிவல்ல. தொழில்நுணுக்கம் கற்க இவற்றைவிடச் சிறந்த வழி குறைவு. இவற்றை அளக்கும் கோலையும் ஓகில்வியே கொடுத்திருக்கிறார். பொத்தாம்பொதுவான புகழ்ச்சியால் எதுவும் விற்காது, தகவல்தான் விற்கும் என்று தன்னிடம் வேலை பார்த்த எழுத்தாளர்களுக்கு அவர் வலியுறுத்திவந்தார். பொத்தாம்பொதுவான வருத்தத்துக்கும் அதே விதியைப் பொருத்தலாம். பொருளின் பெயரும் கூட்டாளிகளின் பெயரும் கைவிட்ட வருமானமும் இல்லாத ஒப்புதலை, இன்னொரு விளம்பரமாகவே கணக்கில் வைப்பது படைப்பு இயக்குநருக்கும் அநீதியாகாது, வாசகருக்கும் நஷ்டமாகாது.