சொல்லாமல் விட்ட பதினொரு நாட்கள்

1926 டிசம்பர் 3 இரவு, துப்பறியும் கதையாசிரியை அகதா கிறிஸ்டி இங்கிலாந்தின் பெர்க்‌ஷயரிலிருந்த தம் இல்லத்தைவிட்டுக் காரிற் புறப்பட்டார், காணாமற் போனார். கார் கில்ட்ஃபோர்டு நகரருகே ஆளின்றிக் கிடந்தது. பதினொரு நாட்களுக்குப் பின் ஹாரோகேட் விடுதியொன்றில் அவர் கண்டறியப்பட்டார். பதிவேட்டில் அவர் எழுதியிருந்த குடும்பப் பெயர், கணவர் மணக்க விரும்பிய பெண்ணினுடையது.

அவர் இறந்த மறு ஆண்டு, 1977இல், வெளிவந்த தன்வரலாற்றில் இந்நாட்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இதனை நூலின் பெருங்குறை என்பார் பலர். நாம் அவ்வாறு கருதவில்லை. தாயார் இறந்தபின், அவர் வாழ்ந்த வீட்டை ஒழித்துக்கொண்டிருந்த நாட்களை அகதா அந்நூலில் விரித்துரைக்கிறார். உழைத்துத் தளர்ந்தவர் காசோலையில் ஒப்பமிட முற்படுகையில் தம் பெயரே மறந்துபோகிறது. நினைவில் வந்ததோ தாக்கரேயின் நாவற் பாத்திரம் ஒன்றின் பெயர்! நினைவிழப்பு என்று கணவர் சொன்னதை ஐயுறுவோர் உளர். காசோலை நிகழ்ச்சி அவ்வையத்தைத் தீர்த்துவிடாதுதான். ஆயினும் தம் பெயரைத் தொலைத்த பெண்ணை அவரே நமக்குக் காட்டிவிட்டார். விளக்கம் கேட்போர் இப்பக்கத்தை ஊன்றிப் படித்தாரில்லை.

1979இல் வந்த ‘அகதா’ என்னும் திரைப்படமோ அவ்வெற்றிடத்தைக் கற்பனைச் சூழ்ச்சியொன்றால் நிரப்பியது. வாரிசுகள் தொடுத்த வழக்கில் அமெரிக்க நீதிமன்றம் தடைவிதிக்க மறுத்துவிட்டது. அரபியில் மறைவைக் குறிக்கும் ‘கைப்’, புறங்கூறலைக் குறிக்கும் ‘கீபத்’ இரண்டும் ஒரே வேரிற் பிறந்த சொற்கள். அவ்வழக்கைப் பற்றிப் படித்தபோது அவையே நம் நினைவுக்கு வந்தன.