கௌரவப் பட்டத்தை எந்த மானியால் அளப்பது?



சென்ற தை மாதம் நெமிலியில் என் வீட்டு முகவரிக்குத் தடித்த உறை ஒன்று தபாலில் வந்தது. பிரித்தால் வழவழப்பான தாளில் ஒரு கடிதம். தொழில்முறை அறிஞர்கள் சங்கம் ஒன்று (பெயர் வேண்டாம்) ‘சுற்றுப்புறச் சேவைக்கான கௌரவ ஃபெல்லோ’வாக என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறதாம். பாலாற்றுப் படுகையின் கிணறுகளில் குரோமிய மாசை அளந்து மக்களுக்கு உணர்த்தியமைக்காக இந்தச் சிறப்பு என்று எழுதியிருந்தார்கள். கடிதத்தின் அடியில் சிறிய எழுத்தில், சான்றிதழ், கேடயம், சால்வை, மதிய விருந்து ஆகியவற்றுக்கான பதிவுக் கட்டணத்தைப் பத்து நாட்களுக்குள் அனுப்பி வைக்கும்படி கேட்டிருந்தார்கள்.

அம்மா கடிதத்தைச் சாமி படத்தின் முன் வைத்துவிட்டார். எனக்கும் அன்று முழுவதும் மகிழ்ச்சிதான், மறைப்பானேன்? மறுநாள் காலையில் மீண்டும் படித்தபோதுதான் ‘குரோமியம்’ என்ற சொல் உறுத்தியது. நான் குரோமியத்தை அளக்கவே இல்லை.

நடந்தது இதுதான். நான் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக் கொடுப்பவன். மூன்றாண்டுகளாக, விருப்பமுள்ள மாணவர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் ராணிப்பேட்டை, வாலாஜா பக்கத்துக் கிராமங்களுக்கு அழைத்துச் சென்று கிணற்றுத் தண்ணீரின் மின்கடத்துதிறனை அளந்து வருகிறோம். உப்பு தண்ணீரில் கரையும்போது அயனிகளாகப் பிரிகிறது. அயனிகள் மின்னோட்டத்தைக் கொண்டு செல்கின்றன. ஆகவே உப்பு கூடக் கூடக் கடத்துதிறனும் கூடும். மானி மைக்ரோசீமன்ஸில் காட்டும் எண்ணை ஏறத்தாழ 0.64-ஆல் பெருக்கினால், ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் உப்புகள் கரைந்துள்ளன என்று தோராயமாகத் தெரியும். பிளஸ் டூ மாணவரும் செய்யக்கூடிய வேலை.

இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயப்படி, கரைந்த உப்புகள் மொத்தம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு நீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம். குரோமியத்துக்கோ எல்லை வெறும் 0.05 மில்லிகிராம். 500-ஐயும் 0.05-ஐயும் ஒப்பிட்டுப் பாருங்கள்: பத்தாயிரத்தில் ஒரு பங்கு! குரோமியம் அனுமதித்த அளவைப் போல் இரண்டு மடங்கு இருந்தாலும் எங்கள் மானியின் முள் அசையாது. உப்பு மூட்டைகளை நிறுக்கும் தராசில் மூக்குத்தியை வைத்துப் பார்ப்பது போலத்தான். அதை அளக்க அணு உட்கவர் நிறமாலைமானி போன்ற கருவி வேண்டும். அது எங்களிடம் இல்லை.

உப்பும் குரோமியமும் வருகிற வழிகளும் வேறு. ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் கெடாமலிருக்கச் சமையல் உப்பைத் தடவி வைக்கிறார்கள். தொழிற்சாலையில் முதல் கழுவலிலேயே அந்த உப்பெல்லாம் தண்ணீரோடு போய்விடுகிறது. பதனிடுவதற்குப் போடுவது மூவிணைதிற குரோமிய உப்பு. அதில் தோல் ஏற்றுக்கொண்டது போக மீதி கழிவில் சேர்கிறது. இவற்றிலும் கொடியது அறுவிணைதிற குரோமியம். தண்ணீரை மஞ்சளாக்கும், எளிதில் கரைந்து வெகுதூரம் பரவும். ராணிப்பேட்டையில் 1990-களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை விட்டுச் சென்ற கழிவுக் குவியலில் இருப்பது இதுவே. ஆகவே ‘குரோமிய மாசை அளந்தார்’ என்று என்னைப் பற்றி எழுதியது சிறு பிழை அன்று. எங்கள் குறிப்பேட்டின் ஒரு பக்கத்தைக்கூட யாரும் புரட்டிப் பார்க்காமல் எழுதியது.

பின் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள்? இந்தக் கேள்விக்காகத்தான் இக்கட்டுரை.

பொறியாளர், வேதியியலார், நீரியல் வல்லுநர் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் சங்கம் உண்டு. மாணவ உறுப்பினர், இணை உறுப்பினர், உறுப்பினர், ஃபெல்லோ என்று படிகள் இருக்கும். அந்தப் படிகளில் ஏறத் தேர்வு, அனுபவம், கட்டணம் எல்லாம் வேண்டும். கௌரவ ஃபெல்லோ என்பது இந்த ஏணிக்கு வெளியே உள்ள நாற்காலி. பொதுவாக அதற்கு விண்ணப்பிக்க முடியாது. ஏற்கெனவே ஃபெல்லோவாக இருப்பவர் முன்மொழிவார், ஆட்சிக் குழு முடிவு செய்யும். கொடுக்கும் சங்கம்தான் செலவைத் தாங்க வேண்டுமே தவிர, பெறுபவர் அல்ல. பணம் கேட்ட மாத்திரத்திலேயே ‘கௌரவ’ என்ற அடைமொழி உதிர்ந்துவிடுகிறது. 2023 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழக அரங்கில் வெளி அமைப்பு ஒன்று ‘கௌரவ டாக்டர்’ பட்டங்களை வழங்க, பல்கலைக்கழகமே போலீசில் புகார் கொடுக்க வேண்டி வந்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

போலிகளை விட்டுவிடுவோம், அவற்றைக் கண்டுகொள்வது எளிது. எனக்குக் கவலை தருபவை நல்ல சங்கங்களே. லண்டன் ராயல் சொசைட்டியில் ஒருவரை முன்மொழிய இரண்டு ஃபெல்லோக்களின் கையெழுத்து வேண்டும். ஆராய்ச்சிக்காக அன்றி, அறிவியலின் நலனுக்குப் பெருந்தொண்டு செய்தவர்களுக்காகவும் அங்கே தனி விதி உண்டு. 1983-இல் டேவிட் அட்டன்பரோ அவ்வழியில்தான் ஃபெல்லோ ஆனார். நல்ல தேர்வுதான். ஆனால் அவரை அறியாத ஃபெல்லோ யார்? தொலைக்காட்சியில் உலகமே அறிந்தவர். இரண்டு கையெழுத்துகளுக்குப் பஞ்சமில்லை. உப்பேறிய கிணற்றை முப்பது வருடமாகக் கலெக்டர் ஆபீசுக்கு மனுவாகச் சுமந்த பாலாற்றங்கரை விவசாயிக்கு எந்தச் சங்கத்தின் ஃபெல்லோவைத் தெரியும்?

வழியே இல்லை என்று சொல்லவில்லை. பறவை அறிஞர் சாலிம் அலி பல்கலைக்கழகப் பட்டம் பெறாதவர். பிரிட்டிஷ் பறவையியலார் சங்கம் 1967-இல் தன் தங்கப் பதக்கத்தை அவருக்கு அளித்தது. பிரிட்டிஷ் குடிமகன் அல்லாத ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல் முறை. தூக்கணாங்குருவியைப் பற்றி அவர் கண்டெழுதியதை யார் வேண்டுமானாலும் போய்ச் சரிபார்க்கலாம். பட்டத்தைப் பார்க்காமல் குறிப்பேட்டைப் பார்த்தார்கள். பத்ம விருதுகளுக்கும் இப்போது யாரும் யாரையும் இணையதளம் வழியே பரிந்துரைக்கலாம், தம்மைத் தாமேகூட. பள்ளிக்கூடமே போகாமல் கர்நாடக வனத்துறை நாற்றங்காலில் வாழ்நாளைக் கழித்த துளசி கவுடா 2020-க்கான பத்மஸ்ரீ பெற்றார். கதவு அகலமானது உண்மை. உள்ளே எப்படி எடை போடுகிறார்கள் என்பதுதான் வெளியே தெரிவதில்லை.

இவ்விடத்தில் நம் மாவட்டத்தோடு தொடர்புள்ள ஒரு செய்தி. பத்ம விருதுகள் அரசியல் சட்டத்தின் 18-ஆம் பிரிவு தடுக்கும் ‘பட்டங்கள்’ ஆகுமா என்ற வழக்கில், 1995 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். விருதுகள் செல்லும், ஆனால் பெயருக்கு முன்னும் பின்னும் போட்டுக்கொள்ளக் கூடாது என்றார்கள். அவர்களில் ஒருவரான குல்தீப் சிங் தனித் தீர்ப்பும் எழுதினார். தேர்வு முறை தெளிவற்றது, அதிகாரத்திலிருப்பவர்களின் விருப்பு வெறுப்புக்கு இடம் கொடுப்பது என்பது அவருடைய கண்டனம். அதே குல்தீப் சிங்தான் எட்டு மாதம் கழித்து, 1996 ஆகஸ்டு 28 அன்று, தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றிய வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கிலும் தீர்ப்பு எழுதியவர். சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பாழானதைக் குறிப்பிட்டு, ‘மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும்’ என்ற நெறியை நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதியாக்கினார். தேர்வைப் பற்றி அவர் கேட்டதையும் மாசைப் பற்றி அவர் கேட்டதையும் சேர்த்துப் படித்தால் ஒரே மனம் தெரிகிறது: எதை வைத்துச் சொல்கிறாய், யார் சரிபார்த்தது?

அந்த வழக்கை நடத்திய வக்கீல் எம். சி. மேத்தாவுக்கு அதே 1996-இல் கோல்ட்மேன் விருதும், 1997-இல் மகசேசே விருதும் கிடைத்தன. தகுதியானவர், ஐயமில்லை. ஆனால் 1991-இல் மனுப் போட்டது வேலூரின் ஒரு மன்றம். அதற்கு முன் தம் கிணற்று நீரைக் குப்பியில் பிடித்து வந்து காட்டியவர்கள் பலர். விருதுக் குழுவுக்கு ஒரு முகம் தேவைப்படுகிறது. சுற்றுப்புறச் சேவையோ பெரும்பாலும் முகமில்லாத கூட்டு வேலை. ஆய்வுக் கட்டுரையில் பதினைந்து பேர் பெயரைப் போடும் விஞ்ஞான உலகம், கேடயம் என்று வந்தால் மட்டும் ஒரே பெயரை ஏன் பொறிக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

இன்னொரு குறையும் உண்டு. இதை நான் பெரிதாக நினைக்கிறேன். சேவையை எப்போது அளப்பது? கழிவு நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் திறந்த அன்று அதைக் கட்டியவருக்கு மாலை போடுவது எளிது. 2015 ஜனவரி 31 அதிகாலையில், ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் சேற்றில் மாண்டார்கள். சுத்திகரிப்பு என்று பெயர் இருந்தால் போதாது. ஆண்டுதோறும் வெளியேறும் நீரின் அளவீடுகள் வேண்டும். ஈட்டுத்தொகையை எடுத்துக்கொண்டாலும் அப்படித்தான். 2001-இலும் 2009-இலும் வழங்க உத்தரவான தொகையில் பாக்கியை ஆறு வாரத்துக்குள் கொடுக்கும்படி உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 30 அன்று மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. இந்த இருபத்து நாலு வருடத்தில் இந்தப் பகுதியில் எத்தனை சால்வைகள் போர்த்தப்பட்டிருக்கும்!

வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் 2006-இல் உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களில் ஒன்றாக ராணிப்பேட்டையைச் சேர்த்தபோது, நச்சின் தன்மை, அது மனிதரை அடையும் வழி, பாதிக்கப்படக்கூடிய மக்கள் தொகை என்று எதை எதைக் கணக்கில் கொண்டார்கள் என வெளியிட்டார்கள். அந்தக் கணக்கோடு நீங்கள் சண்டை போடலாம். சண்டை போடுவதற்கு ஒரு கணக்காவது இருந்தது. நம்மூரை இகழ்வதற்கு ஒரு முறை இருக்கிறது, புகழ்வதற்கு இல்லை. நோபல் குழுகூட ஐம்பது ஆண்டுகள் கழித்துத் தன் முன்மொழிவுக் கோப்புகளைத் திறந்து காட்டுகிறது. நம் சங்கங்கள் ஐந்து வரியில், யார் முன்மொழிந்தார், எந்த அளவீட்டைப் பார்த்தோம், களத்துக்கு யார் போனார் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் என்ன குறைந்துவிடும்? ஃபெல்லோ அல்லாதவரும், ஒரு கிராமசபையும்கூட, முன்மொழிய இடம் கொடுத்தால் என்ன?

சங்கத்துக்குப் பதில் எழுதினேன். நாங்கள் அளந்தது உப்பை, குரோமியத்தை அல்ல. அளந்தவர்கள் பதினான்கு மாணவர்கள், நான் ஒருவன் அல்ல. எங்கள் குறிப்பேட்டின் நகலை அனுப்பி வைக்கிறேன், பார்த்துவிட்டு மறுபடி முடிவு செய்யுங்கள் என்று. பதில் இல்லை. இரண்டு வாரம் கழித்துக் கட்டணத்துக்கான நினைவூட்டல் மட்டும் வந்தது. அம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம்தான். வருகிற ஞாயிறு மாணவர்களோடு வாலாஜா பக்கம் போகிறோம். இந்தத் தடவை ஆறு கிணறுகளின் நீரைத் தனிக் குப்பிகளில் பிடித்து, குரோமியத்துக்காக வேலூரில் ஒரு சோதனைக்கூடத்துக்குக் கொடுக்கிறோம். அதற்கான பணத்தை ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டிருக்கிறோம்.